'லி' சேர்த்தால் வினையடை ஆகிவிடாது

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் கடிதங்களைப் படித்துத் திருத்தித் தருவது என் பணியின் ஒரு பகுதி. சென்ற வாரம் என்னிடம் வந்த கடிதத்தில், நல்ல மதிப்பெண்களுடன் தேறிய ஒரு மாணவி, தம் இறுதியாண்டுத் திட்டப்பணியைக் குறித்து 'ஐ ஹார்ட்லி வொர்க்டு ஆன் திஸ் ப்ராஜெக்ட்' என்று எழுதியிருந்தார். இரவு பகலாக உழைத்ததைச் சொல்ல வந்தவர், அந்தத் திட்டத்துக்காகத் தாம் ஏறக்குறைய உழைக்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். ஆண்டுதோறும் இதே பிழையைத் திருத்தி அலுத்துவிட்டதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆங்கிலப் பெயரடையோடு (அட்ஜெக்டிவ்) 'லி' சேர்த்தால் வினையடை (அட்வெர்ப்) என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை அந்த மாணவி அப்படியே நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் 'வேகமான' என்பது 'வேகமாக' என்றும், 'அழகான' என்பது 'அழகாக' என்றும் ஒழுங்காக மாறுவதால், ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நம் மனம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. 'ஸ்லோலி', 'க்விக்லி' என்று முதலில் கற்கும் சொற்களெல்லாம் அந்த விதிக்குள் அடங்கிவிடுவதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை.

ஆனால் பழைய ஆங்கிலத்தில், பெயரடையின் இறுதியில் 'எ' என்ற ஓசையை மட்டும் சேர்த்தும் வினையடை அமைத்தார்கள். காலப்போக்கில் அந்த இறுதி ஓசை தேய்ந்து மறைந்தது; ஆகவே 'ஹார்டு', 'ஃபாஸ்ட்', 'லேட்' போன்ற சொற்கள் பெயரடையாகவும் வினையடையாகவும் இன்று ஒரே வடிவில் நிற்கின்றன. 'ஹார்ட்லி' தனியே உருவாகி, 'சிரமப்பட்டு' என்ற பொருளைக் கடந்து, 'அரிதாகவே, ஏறக்குறைய இல்லை' என்ற எதிர்மறைப் பொருளில் வந்து நிலைத்துவிட்டது. எனவே கடினமாக உழைத்தால் 'வொர்க் ஹார்டு' என்றுதான் எழுத வேண்டும். தாமதமாக வந்தால் 'கேம் லேட்'. 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக என்று பொருள். 'நியர்' அருகில், 'நியர்லி' கிட்டத்தட்ட. 'ஃபாஸ்ட்லி' என்ற சொல்லோ இன்றைய ஆங்கிலத்தில் வழக்கிலேயே இல்லை. தயவுசெய்து அதை எழுதாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'காஸ்ட்லி' ஆகியவை 'லி' என்று முடிந்தாலும் பெயரடைகளே. நட்போடு பேசினார் என்பதற்கு 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும்.

தமிழ் வழியில் படித்தவர்களை அதிகம் வழுக்கிவிடும் இடம் வேறொன்று. 'அவள் அழகாக இருக்கிறாள்', 'அவள் அழகாகப் பாடுகிறாள்' என்று நாம் இரண்டு இடத்திலும் 'அழகாக' என்றே சொல்கிறோம். ஆங்கிலம் இவ்விரண்டையும் வேறாகப் பார்க்கிறது. பாடுவது ஒரு செயல், அந்தச் செயலின் தன்மையைச் சொல்வதால் 'சிங்ஸ் பியூட்டிஃபுல்லி' சரி. தோற்றத்தைச் சொல்லும்போது அது அந்தப் பெண்ணின் தன்மை, ஆகவே 'லுக்ஸ் பியூட்டிஃபுல்' என்று பெயரடைதான் வரும். 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'சவுண்ட்', 'ஃபீல்', 'சீம்' என்ற வினைகளுக்குப் பின்னும் பெரும்பாலும் இப்படியே. ஐயம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். வாக்கியம் பொருந்தி நின்றால் 'லி' வேண்டாம். வகுப்பில் நான் சொல்லித்தரும் சோதனைகளில் மாணவர்களுக்கு உடனே கைகொடுப்பது இதுதான்.

கணினியின் எழுத்துப்பிழை திருத்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். 'ஹார்ட்லி' எழுத்தளவில் சரியான சொல் என்பதால், சொற்களை மட்டும் சரிபார்க்கும் திருத்தி அதன் கீழே சிவப்புக் கோடு போடாது. கற்போருக்கான அகராதியைத் திறந்து, அந்தச் சொல் பெயரடையா, வினையடையா என்ற குறிப்பையும் அடியில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். 'டூ' என்பதை 'ரொம்ப' என்று எண்ணி 'வெரி' வர வேண்டிய இடத்தில் எழுதுவதையும் நிறுத்துங்கள்; அது பெரும்பாலும் அளவு மீறியதைக் குறிக்கும்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'லி' அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும் அன்றே 'ஹார்டு', 'ஃபாஸ்ட்', 'லேட்' மூன்றையும் அதன் பக்கத்தில் தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியத்தை மாணவர்களையே சொல்ல வையுங்கள். விதிவிலக்குகளை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைத்தால், அதற்குள் தவறான வடிவம் அவர்கள் கையில் பழகிவிடுகிறது.