ஓர் ஆறு மூச்சுவிடும் கணக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒக்காலா நகருக்குப் பக்கத்தில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே பிறக்கும் சில்வர் ஆறு எட்டு கிலோமீட்டர் போல ஓடி ஒக்லவாஹா ஆற்றில் கலந்துவிடுகிறது. சின்ன ஆறுதான். ஆனால் உணவுச் சங்கிலியைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்தால் முகம் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கும். துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். அடியில் நாடா போல நீண்ட நீர்ப்புல், ஓட்டத்தின் பக்கம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. நல்ல வெயிலில் அதன் இலைகளில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒன்று கழன்று மேலே வரும். அது வந்த இடத்தில் இன்னொன்று முளைக்கும். ஒளிச்சேர்க்கையில் அப்போதுதான் பிறந்த ஆக்சிஜன் அது.

இந்தத் தெளிவு பாறை தந்தது. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறையை அரித்து அதனுள் வழி செய்துகொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து ஊற்றுக்கண்ணில் வெளியே வரும்போது அதில் கசடு இல்லை. கோடையோ குளிர்காலமோ, சுமார் 23 டிகிரி செல்சியஸ்.

மாறாத இந்த நீரைத்தான் சூழலியல் அறிஞர் ஹோவர்ட் ஓடம் 1950களில் பிடித்துக்கொண்டார். பாறையிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு. பகலானாலும் இரவானாலும் அந்த அளவு ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் அளந்து, காற்றோடு நடக்கும் பரிமாற்றத்தைக் கழித்துவிட்டால், மிச்சமுள்ள வித்தியாசம் முழுவதும் வழியில் வாழும் உயிர்களின் வேலைதானே! பகலில் தாவரங்கள் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. இரவில் புல், நத்தை, மீன் எல்லாம் மூச்சுவிட்டுச் செலவழிக்கின்றன. ஓர் ஆறு முழுவதன் மூச்சையும் இப்படி அளக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1957இல் அவர் வெளியிட்ட கணக்கு இது: ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் புல்லும் அதன்மேல் படரும் பாசியும் வெயிலிலிருந்து பிடிக்கும் ஆற்றல் 20,810 கிலோகலோரி. அவற்றைத் தின்பவைக்குப் போய்ச் சேர்வது 3,368. அவற்றை உண்பவைக்கு 383. உச்சியில் இருக்கும் பெரிய மீன்களுக்கு வெறும் 21. ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி மூச்சாகவும் கழிவாகவும் போய்விடுகிறது.

கயாக்கிலிருந்து தெரிவதும் இதே கணக்குத்தான். புல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருக்கிறது. ஆமைகள் சாய்ந்த மரத்தில் வரிசையாக வெயில் காய்கின்றன. கார் (gar) எனப்படும் நீண்ட மூக்குள்ள வேட்டை மீனோ எப்போதாவது ஒன்று, நிழல்போல அசையாமல் நிற்கிறது. நம் ஏரிகளில் இருக்கும் பாம்புத்தாராவின் உறவுப்பறவை இங்கேயும் உண்டு. அதன் இறகு நீரை ஒட்டவிடாமல் தள்ளுவதில்லை. நனைந்து கனப்பதால்தான் எளிதாக மூழ்கி மீனைக் குத்துகிறது. பிறகு கிளையில் ஏறிச் சிறகை விரித்து உலர்த்துகிறது. படகு பக்கத்தில் போனாலும் உடனே பறப்பதில்லை.

ஆனால் புல்லின்மேல் பாசி இப்போது தடித்துவிட்டது. வயல் உரமும் கால்நடைக் கழிவும் வீட்டுக் கழிவுத் தொட்டிகளும் மழைநீரோடு, பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டை நிலத்துக்குள் அனுப்புகின்றன. ஊற்றுகளுக்கு ஃபுளோரிடா வகுத்த வரம்பு லிட்டருக்கு 0.35 மில்லிகிராம், இங்கே நைட்ரேட் 1 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. இன்றே உரத்தை நிறுத்தினாலும், ஏற்கெனவே பாறைக்குள் இறங்கிவிட்ட நைட்ரேட் இன்னும் பல ஆண்டுகளுக்கு அந்த ஊற்றுக்கண் வழியே வந்துகொண்டுதான் இருக்கும்.