மின்மாற்றி யாரிடம் தோற்றது?

"மின்மாற்றி தோல்விக்கான பொதுவான காரணங்கள்." ஆங்கில 'transformer failure'-ஐ இப்படிப் பெயர்த்த தலைப்பை இன்னும் எத்தனை தடவைதான் வாசிப்பது? கல் என்ற வினையடி கல்வி ஆனதுபோல, தோல் தோல்வி ஆனது. தோற்பதற்கு எதிராளி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பரீட்சையாவது வேண்டும். தூணில் நிற்கும் எண்ணெய்ப் பெட்டிக்கு இரண்டும் இல்லை. (மின்மாற்றியா, நம் இலங்கைப் பாடநூல்கள் சொல்லும் நிலைமாற்றியா என்பது தனிச் சண்டை.)

விவரம் தெரிந்தவர்கள் இதைத் திருத்தி 'செயலிழப்பு' என்கிறார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, வேலையில்தான் குழப்புகிறது. சவுக்குக் கிளை கம்பியில் விழுந்து, காவலுக்கு வைத்த உருகி (fuse) எரிந்துபோனால் மின்மாற்றி செயலிழந்துதான் நிற்கும். உள்ளே ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். இதற்கு நேர்மாறு நுவரெலியா மூடுபனியில் நடக்கும். இரவில் எண்ணெய் ஆறிச் சுருங்கும்போது சுவாசக் குப்பி வழியே வெளிக்காற்று உள்ளே போகிறது. குப்பியிலுள்ள நீலச் சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் ஈரத்தை மறிக்க ஆளில்லை. சோதனையில் இரு மின்வாய்களுக்கு நடுவே 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் 30 கிலோவோல்ட்டாவது பொறி பாயாமல் தாங்கவேண்டிய எண்ணெய் அதற்கும் கீழே இறங்கும். ஆனால் தோட்டத் தொழிலாளரின் லயத்தில் விளக்கு எரியும், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி சுற்றும். எந்தச் செயலை இழந்தது? பழுது மட்டும் எப்போதோ தொடங்கிவிட்டது.

ஆம், பழுது. 'பழுதெண்ணும் மந்திரி' என்று குறள் (639) கேடு என்ற பொருளில் ஆண்ட சொல். நம் நாட்டில் பஸ்ஸும் பழுதாகும், நேற்று வைத்த கறியும் பழுதாகும். கறி பழுதாவதுபோல மெல்ல மெல்லக் கெடுவதையும் இந்தச் சொல் தாங்குகிறது. மின்மாற்றிச் சுருளைச் சுற்றி மின்னைத் தடுக்கும் காவலிக் கடதாசிக்கு அதுதான் நடக்கிறது: மிகைச்சுமையால் அதன் மிகச் சூடான இடம் 98 பாகை செல்சியஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு 6 பாகைக்கும் முதுமை இரண்டு மடங்கு வேகமாகும். பஸ்போலத் திடீரென்று கெடுவதும் பழுதுதான். எரிந்த உருகிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிவிட்டால், அடுத்த குறுக்குச்சுற்றில் (short circuit) சுருளே இடம்பெயரும். பாறை நிலத்தில் புவித்தொடுப்பு (earthing) சரியில்லாவிட்டால், இடிதாங்கி இருந்தும் மின்னல் சுருளைப் பதம் பார்க்கும்.

'முறிவு' என்பதைக் காவலி துளைபட்டுப் பொறி பாயும் கணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வேறுபாடெல்லாம் எதற்கு? அவர் கையில் றம்பொடை மலைவீதி வளைவில் பிரேக்கும் 'தோல்வி' அடைகிறது. 'எண்ணெயில் ஈரம், பழுது' என்று அறிக்கையில் இருந்தால் வருகிறவர் எண்ணெய் வடிகட்டும் பொறியோடு வருவார். 'உருகி எரிந்தது' என்றிருந்தால் உருகியோடு வருவார். 'தோல்வி' என்றிருந்தால் எதைக் கொண்டுவருவார்?