‘எபிலெப்ஸி’ என்ற சொல்லும் கையில் திணிக்கும் சாவியும்

வலிப்பு நோய்க்கு நாங்கள் மருந்துச் சீட்டில் எழுதும் ‘எபிலெப்ஸி’ கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘எபிலம்பானெய்ன்’ என்றால் பற்றிக்கொள்வது, பிடித்துக்கொள்வது. தெய்வம் ஏதோ வந்து ஆளைப் பிடிக்கிறது என்று அன்றைய கிரேக்கர்கள் பலர் நம்பினார்கள். ‘புனித நோய்’ என்றே அழைத்தார்கள்.

கி.மு. 400 வாக்கில், கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல் ஒன்று இதை அடியோடு மறுத்தது. மற்ற நோய்களுக்கு இல்லாத புனிதம் இதற்கு மட்டும் ஏது, காரணம் மூளையில் இருக்கிறது என்றது. இந்த நோய் ஆட்டுக்கும் வருகிறதே, அதன் தலையைத் திறந்து பாருங்கள், மூளையில் நீர் கோத்திருக்கும் என்று வாதாடியது. கபம்தான் காரணம் என்று அது சொன்னது தவறு. ஆனால் கைகாட்டிய இடம் சரி. 1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். அந்த ஈஈஜி சோதனையைத்தான் இன்றும் எடுக்கச் சொல்கிறோம். மூளை செல்கள் கூட்டமாகக் கட்டுப்பாடின்றி மின்துடிப்புகளை வெளிவிடும்போது வலிப்பு வருகிறது.

ஆனால் ‘ஏதோ பிடித்துவிட்டது’ என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. மந்திரித்த கயிறோடு வருகிறவர்களிடம் நான் கயிற்றைக் கழற்றச் சொல்வதில்லை. அதை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பொறுக்காது. ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம்.

அப்புறம், வலிப்பு வந்தால் அடங்கும் என்று கையில் திணிக்கும் அந்த இரும்புச் சாவி. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கும். அடக்கிய பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. சாவியைத் தேடி ஓடும் நேரத்தில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். தண்ணீர் ஊற்றினால் புரையேறும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தடுத்து வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பு நோய் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டது. இது தெரியாமல் பெண்ணின் நோயை மறைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் ஒளித்து மாத்திரை போட முடியாமல் அவள் நிறுத்திவிடுகிறாள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வரலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் முன் டாக்டரிடம் வாருங்கள்; வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும், அவற்றை முன்கூட்டியே மாற்ற வழி இருக்கிறது.