ஆடியில் குளம் வான் பாயாது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வன்னிக் குளங்கள் நிரம்பி வழிந்த பிறகு, அதாவது வான் பாய்ந்த பிறகு, கீழ்ப்பகுதிக் கிணறுகளின் நீர் எப்படி மாறுகிறது என்று கூட்டாக ஆராயலாம், மாணவர் எட்டுப் பேரோடு ஜூலையில் வருகிறோம் என்றிருந்தது. ஜூலை அவர்களுக்குக் கோடை விடுமுறை. இங்கே அது சிறுபோகத்துக்குத் திறந்துவிட்டது போக மிச்சத் தண்ணீர் கிடக்கிற காலம். இரணைமடுக் குளம் வான் பாய்வதைப் பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழியில் வர வேண்டும். அப்போது அவர்களுக்குப் பரீட்சையும் நத்தாரும். இதைப் பேசி முடிக்கவே நான்கு மாதம் போனது. கடைசியில் இரண்டு பேர்தான் டிசம்பரில் வந்தார்கள். அந்த இருவரோடு தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் வெளிநாட்டுத் தொடர்புக் கோப்புகள் ஒரு அலுமாரி நிறைய இருந்தன. பெரும்பாலானவை ஐந்து வருடப் புரிந்துணர்வு உடன்படிக்கைகள். பீடச் சபை, மூதவை, பேரவை என்று ஒவ்வொரு படியும் ஏறி, கையெழுத்தாகி, படமெடுத்து, ஒரு மாணவர்கூடப் போய்வராமலே காலம் முடிந்தவை. கையெழுத்தை முதலில் வைத்துவிட்டு வேலையைப் பிறகு தேடினால் இப்படித்தான் ஆகும்.

வன்னியில் உயர்கல்வி நிறுவனங்கள் இளையவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஆகஸ்ட் 1 முதல்தான் தனிப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. உலகத் தரவரிசையை வைத்துத் தேடுகிறவருக்கு நாங்கள் கண்ணில் படமாட்டோம். ஆனால் குளமும், வயலும், போருக்குப் பிறகு மீண்டெழுந்த கிராமங்களும் எங்கள் வாசலில் இருக்கின்றன. அவற்றை ஆராய விரும்புகிறவர் எங்களிடம்தான் வரவேண்டும். பேச்சுவார்த்தையில் இதை மறந்துவிட்டு, ஏதோ உதவி கேட்கப் போனவர்கள் போலக் குனிந்து நிற்கிறோம்.

நின்று பிடித்த கூட்டுகளைப் பாருங்கள். நோர்வேயின் பேர்கன் நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்று, யாழ்ப்பாணம், பேராதனை, கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவை சேர்ந்து, தூய சக்திக்கான நனோபொருட்களில் நோர்வே நிதியோடு பல வருடங்கள் வேலை செய்தன. இப்படியான கூட்டுகளைத் துருவிப் பார்த்தால், ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்று ஆய்வாளர்கள் நடுவில் இருப்பார்கள். புலமைப்பரிசிலில் வெளியே போய்ப் படித்து வந்த இளம் விரிவுரையாளர் தன் பழைய மேற்பார்வையாளரோடு தொடர்பை விடாமல் வைத்திருப்பதே பாதி வேலை.

அப்புறம் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் மாணவர் பரிமாற்றத்துக்கு நாங்கள் நேரே விண்ணப்பிக்க முடியாது. ஐரோப்பிய நிறுவனம்தான் விண்ணப்பிக்கும், நிதியும் அதன் கையில்தான் இருக்கும். ஆகவே அங்கே எங்களுக்காகப் படிவம் நிரப்ப மனமுள்ள ஒருவர் தேவை. எவரும் விமானம் ஏறுமுன் இரு நிறுவனங்களுக்கும் இடையில் எழுத்து உடன்பாடு இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

அந்த உடன்பாட்டில் பலர் கவனிக்காமல் விடுவது, ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்பதை அளக்கும் திறமைப்புள்ளிக் (கிரெடிட்) கணக்கை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு புள்ளி 50 மணி நேரக் கற்றல், வருடத்துக்கு 30 புள்ளி. ஐரோப்பாவில் ஒரு புள்ளி 25 முதல் 30 மணி நேரம், வருடத்துக்கு 60. எங்கள் அரையாண்டுக்கு 15 என்பதால், அங்கேயும் 15 போதும் என்று எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளை பாதி அரையாண்டைத்தான் படித்திருக்கும். திரும்பி வந்த பிறகு அதற்காகப் பரீட்சைக் கிளைக்கு அலைய வேண்டும். புறப்படுமுன் எந்தப் பாடத்துக்குப் பதில் எது என்று ஒரு தாளில் எழுதி, இரு பக்கமும் ஒப்பமிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

பெயர் விஷயமும் இருக்கிறது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை முதலெழுத்தாகப் போட்டும் விரித்தும், முன்னும் பின்னும் மாற்றியும் எழுதுவோம். தரவுத்தளங்களில் சிலருடைய கட்டுரைகள் அப்பாவின் பெயரில் கிடக்கின்றன. அப்பா பாவம், வயலில் நிற்கிறார். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஓர்கிட் (ORCID) எண்ணை, அதாவது பெயரை எப்படி எழுதினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் எண்ணை, முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் வருவது மாதிரிகள் விஷயத்தில். நண்பர் ஒருவர் இரண்டு போகம் வெயிலில் நின்று வயல் மண் சேகரித்துக் கொடுத்தார். மண் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனது. கட்டுரை வந்தபோது அவர் பெயர் எழுத்தாளர் வரிசையில் இல்லை. கடைசியில் ‘உள்ளூர் உதவிக்கு நன்றி’ என்று ஒரு வரி. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார். கூச்சப்படத் தேவையில்லை. வளம் குறைந்த சூழல்களில் ஆய்வு செய்வதற்கென்று 2018 இல் உலக நெறிக்கோவை ஒன்று வந்தது. ஆய்வைத் திட்டமிடுவதிலிருந்து எழுத்தாளர் உரிமை வரை உள்ளூர் ஆய்வாளர் பங்கு பெற வேண்டும் என்கிறது அது. ஐரோப்பிய ஆணைக்குழுவே அதை ஏற்றிருக்கிறது. ஆகவே அதைக் காட்டிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. யார் பெயர் எங்கே வரும், தரவின் பிரதி எங்கே இருக்கும், மிச்ச மாதிரி என்னவாகும் என்பதை முதல் போத்தல் நிரம்புமுன் எழுதி வாங்க வேண்டும்.

அந்த டிசம்பர் விருந்தாளிகள் அடுத்த வருடமும் வந்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் கமக்காரர் அமைப்பின் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார்: “சேர், போன முறை கொண்டுபோன தண்ணியில என்ன இருந்தது?” என்னிடம் பதில் இல்லை. முடிவுகள் அங்கே ஒரு கணினியில், ஆங்கிலத்தில் கிடந்தன. அன்றிரவு விடுதியில் மூவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு கிணற்றின் முடிவும் ஆறு மாதத்துக்குள் தமிழில் அந்த அமைப்பிடம் சேர வேண்டும் என்று வரைவில் ஒரு பிரிவு சேர்த்தோம். மூன்றாம் வருடம் உடன்படிக்கை கையெழுத்தானபோது மொத்தம் நான்கு பக்கம். அவர்களுடைய சட்டப் பிரிவு அதிகம் கேள்வி கேட்டது அந்தப் பிரிவைப் பற்றித்தான்.