கடைசி ஒட்டின் கணக்கு

பேத்திக்கு ஒட்டுப்போர்வை தைத்த வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மேலே சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகள், நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் முழுத்துணி. எல்லாம் நன்றாக வந்துவிட்டதாம். சுற்றிலும் ஓரப்பட்டி அடித்துக்கொண்டே வந்து, தொடங்கிய இடத்தைத் தொட்டபோதுதான் சிக்கல். "இரண்டு முனைகளையும் சேர்க்கிற இடம் மட்டும் முடிச்சு மாதிரி தடித்து நிற்கிறது. ஒரு தடவை பட்டி நீளம் கூடிவிட்டது, பிரித்துத் தைத்தால் போதாமல் போர்வையைச் சுருக்குகிறது. இதற்குக் கணக்கு ஏதாவது உண்டா?"

உண்டு. ஓரப்பட்டி வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணக்கும் அதுதான்.

அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியை 2.5 அங்குல அகலத்தில் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, போர்வையின் விளிம்போடு வைத்துக் கால் அங்குலம் உள்ளே தைப்போம். அப்புறம் பின்பக்கம் புரட்டி ஓரம் கட்டுவோம். தொடக்கத்தில் ஒரு சாண் பட்டியைத் தைக்காமல் வாலாக விடுவோம், முடிவிலும் ஒரு சாண் வால், இடையில் சுமார் ஓர் அடி தைக்காத இடைவெளி. இந்த வேலையை மூலையில் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு பக்கத்தின் நடுவில் வருவதுதான் வசதி.

முதலில் தடிப்பு. புரட்டித் தைத்த பிறகு பட்டித் துணி முன்பக்கம் இரண்டு அடுக்கு, பின்பக்கம் இரண்டு அடுக்கு. முனைகளை நேர்க்குறுக்காகச் சேர்த்து, தையலுக்கு விட்ட கால் அங்குலத்தை இரண்டு பக்கமும் விரித்துவிட்டால், அந்த அரை அங்குலத்தில் மட்டும் நான்கு அடுக்கு எட்டாகிவிடும். கையில் முடிச்சுபோலத் தட்டுப்படுவது அதுதான். அதே தையலை 45 டிகிரி சாய்த்துப் போட்டால், தையலின் நீளம் 2.5 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 3.5 அங்குலம் ஆகிறது. கூடுதல் துணி குறையவில்லை, உண்மையில் 1.4 மடங்காகக் கூடியிருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் குவியாமல் பட்டியோடு பரவிவிட்டது. எந்த இடத்தில் குறுக்கே பார்த்தாலும் 2.5 அங்குல அகலத்தில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவான பகுதிதான் இரட்டித்திருக்கும். விரலுக்கு அது தெரிவதே இல்லை. பட்டியை இழுக்கும் விசையும் கூடுதல் தையல்களுக்குப் பகிர்ந்து போகிறது.

இப்போது நீளம். ஒரு நோட்டுத் தாளிலிருந்து 5 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டிகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றை இடமிருந்து வலமாகப் படுக்க வையுங்கள். மற்றொன்றைக் கீழிருந்து மேலாக, முதல் பட்டியின் வலது முனையின் மேல் செங்குத்தாக வையுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக 5-க்கு 5 சதுரமாக உட்காரும். சதுரத்தின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு கோடு போடுங்கள். தையல் ஓடப்போவது அந்தக் கோட்டில்தான். மேலே இருக்கிற பட்டியைக் கோட்டின் வழியே மடித்துத் திருப்பினால், இரண்டும் நேராக ஒரே பட்டியாகிவிடும்.

எவ்வளவு நீளம் போயிற்று என்று பாருங்கள். பட்டியின் கீழ் விளிம்பில் முதல் பட்டி எதையும் இழக்கவில்லை, இரண்டாவது பட்டி முழுதாக 5 சென்டிமீட்டர் இழந்திருக்கிறது. மேல் விளிம்பில் அப்படியே மாறி, முதல் பட்டிக்கு 5, இரண்டாவதற்குப் பூஜ்யம். நடுவில் ஆளுக்கு இரண்டரை. கீழிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஒன்றும் நான்கும். எந்த உயரத்தில் கூட்டினாலும் 5, அதாவது பட்டியின் அகலம்! ஒன்று விட்டுக்கொடுத்ததை மற்றொன்று அதே அளவுக்கு ஈடுகட்டுகிறது. முதன்முறை தாளில் இதைப் பார்த்தபோது ஸ்கேலை வைத்து ஏழெட்டு இடத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆகவே விதி இதுதான். போர்வையைத் தரையில் விரித்து, இரண்டு வால்களையும் இடைவெளியில் இழுக்காமல் படிய வைத்து, ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பட்டியின் அகலம் அளவுக்கு ஏறியிருக்கும்படி வெட்ட வேண்டும். இங்கே அகலம் என்பது மடிப்பைப் பிரித்த முழு அகலம், 2.5 அங்குலம். தையலுக்கென்று தனியாக எதுவும் விட வேண்டாம். தையல் மூலைக்கு மூலை ஓடுகிறது, விடுகிற கால் அங்குலம் அந்தச் சதுரத்துக்குள்ளேயே இருக்கிறது. இது தெரியாமல் நான் முதல் போர்வையில் அரை அங்குலம் சேர்த்து வெட்டினேன். ஓரம் முழுக்கப் படிந்திருந்தது, அந்த ஓர் அடி மட்டும் அப்பளம் மாதிரி அலை அலையாக நின்றது.

வெட்டிய முனைகளைப் பிரித்து, தாளில் செய்தது போலவே ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வையுங்கள். அந்தச் சதுரத்தில் இரண்டு மூலைவிட்டங்கள் உண்டே, எதில் தைப்பது? இரண்டு வால்களும் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபக்கத்தில் சின்ன முக்கோணம் மட்டும். குண்டூசி குத்தி விரித்துப் பார்த்து, பட்டி முறுக்காமல் இடைவெளியில் படிகிறது என்று தெரிந்த பிறகு தையுங்கள். முக்கோணத்தைக் கடைசியில்தான் கால் அங்குலம் விட்டு நறுக்க வேண்டும்.

நல்ல டெய்லருக்குக் கைராசி என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. ராசி என்று சொன்ன உடனே, அது அவரோடு பிறந்தது, நமக்கு வராது என்று ஆகிவிடுகிறது. அளவு என்று சொன்னால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

துணி வெட்டுவதில் கணக்கு இருக்கிறது என்பதைப் பெரிய கணித மேதைகளே மதித்திருக்கிறார்கள். ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ் 1878-இல் பாரிசில் நடந்த அறிவியல் மாநாட்டில் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆடைக்குத் துணி வெட்டுவது. நூல் நீளாது, நீளவாக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் இடையிலுள்ள கோணம் மட்டும் மாறும் என்பது அவருடைய அடிப்படை. கைக்குட்டையை நூல்வாக்கில் இழுத்தால் கொடுக்காது, மூலைக்கு மூலை இழுத்தால் கடைவாசல் மடக்குக் கதவு போலச் சதுரங்கள் சாய்ந்து நீளும். இன்று கார்பன் இழைத் துணியை வளைவான அச்சில் படிய வைக்கிற பொறியாளர்களும் இந்த அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார்கள். "துணி வெட்டுவதற்கெல்லாம் ஆராய்ச்சியா?" என்று கேட்டு நிதியை மறுக்கிற மனநிலை என்னைக் கோபப்படுத்துவது இதனால்தான். நெசவும் தையலும் இத்தனை லட்சம் பேருக்குச் சோறு போடுகிற ஊரில் இந்தக் கேள்வி எழவே கூடாது.

நம் பட்டிக்கும் இதில் வேலை இருக்கிறது. நேர்த்துணியில் வெட்டிய பட்டியில் சாய்ந்த தையல் நூலோட்டத்துக்கு 45 டிகிரியில் ஓடுகிறது. அந்த வெட்டு விளிம்பு அவ்வளவாகப் பிசிறாது, ஆனால் கை இழுத்தால் நீண்டுவிடும். மெஷினில் துணி தானாகப் போகட்டும். துணியை மூலைவாக்கில் வெட்டிய கிராஸ் பட்டியில் இதற்கு நேர் எதிர். ரவிக்கைக் கழுத்துக்கு வெட்டுகிற கிராஸ் பீஸை ஒட்டுப் போடும்போது சாய்ந்த தையல் நூல்வாக்கிலேயே விழும், தையல் நீளாது, பட்டிதான் நீளும். வளைந்த ஓரமுள்ள போர்வைக்குக் கிராஸ் பட்டி வைத்தால், வால்களைப் படிய வைக்கும்போது துளிகூட இழுக்கக் கூடாது.

அளவெடுக்க டேப் வேண்டாம். வாலின் நுனியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மடிப்பைப் பிரித்து, அதன் அகலத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டியை 2.5-க்குப் பதில் 2.4 அங்குலமாக வெட்டியிருந்தாலும் துண்டும் அதே அகலம்தானே. பேத்தியின் போர்வையில் அந்த ஓர் அடியை மட்டும் பிரித்தால் போதும். பட்டி போதாமல் போயிருந்தால், மிச்சத் துணியில் ஒரு சாண் வெட்டி இதே சாய்வுத் தையலில் வாலோடு சேர்த்து நீட்டிக்கொண்டு, பிறகு கடைசி ஒட்டுக்கு வாருங்கள்.