போர்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கட்டடத்தின் ஏசி போன்றவற்றை இயக்கும் கன்ட்ரோலர்கள் ஒரே கேபிளில் இணைந்திருக்கும். அதில் ஒன்று தொடர்பில் இல்லை, 'கன்ட்ரோலர் ஆஃப்லைன்' என்று அழைப்பு வந்தால் பலரும் புது போர்டோடுதான் கிளம்புகிறார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் போர்டில் இல்லை, அதற்கு வந்து சேரும் கம்யூனிகேஷன் கேபிளில்தான் இருக்கிறது.

கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் முறைகளில் ஒன்றான பேக்நெட் எம்எஸ்/டிபி ஓடுவது ஆர்எஸ்-485 கேபிளில், அதாவது பிளஸ், மைனஸ் என்ற ஜோடி வயரில் சிக்னல் போகும் லைனில். இன்னொரு முறையான மோட்பஸ் ஆர்டியுவும் பெரும்பாலும் அப்படித்தான். கேபிள் ஒரு கன்ட்ரோலருக்குள் போய், அந்த டெர்மினலிலிருந்தே அடுத்ததற்குப் போக வேண்டும். நடுவில் ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலு பக்கம் கிளை பிரித்தால், சிக்னல் ஒவ்வொரு நுனியிலும் மோதித் திரும்பி அடுத்த பிட்டைக் கெடுக்கும். நாலைந்து கன்ட்ரோலர் இருக்கும்வரை இது வேலை செய்துவிடும், அதுதான் ஆபத்து. எண்ணிக்கை கூடக் கூட, தொடர்பு விட்டுவிட்டு அறும். அதற்குள் ஃபால்ஸ் சீலிங் மூடியிருப்பார்கள்.

சிக்னல் இப்படி மோதித் திரும்பாமல் இருக்க லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும், நடுவில் எங்கும் கூடாது. சப்ளையை அணைத்துவிட்டு பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓமை ஒட்டிக் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை, அல்லது கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. 40 என்றால் நடுவில் ஏதோ ஒரு கன்ட்ரோலரில் டெர்மினேஷன் சுவிட்ச் (உள்ளே இருக்கும் ரெசிஸ்டரை லைனில் சேர்ப்பது) ஆன் ஆகி இருக்கிறது. சுழிக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். இதைப் பார்க்காமல் பவர் கொடுக்கவே கூடாது என்பேன்.

கேபிளுக்குள் வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரே இடத்தில் மட்டும் எர்த் செய்யுங்கள். மற்ற இடங்களில் உள்ளே வரும் ஷீல்டையும் வெளியே போகும் ஷீல்டையும் முறுக்கி, டேப் சுற்றி விட்டால் போதும். இரண்டு முனையிலும் எர்த் செய்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடும்.

டெர்மினலில் போட்டிருக்கும் ஏ, பி என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் ஏ இன்னொன்றில் பி. பிளஸ், மைனஸ் பார்த்து, ஒரே நிறத்தைக் கடைசிவரை பிடித்துப் போங்கள். அப்புறம், ஒரே முகவரியை இரண்டு கன்ட்ரோலருக்குக் கொடுத்தாலும் லைன் தடுமாறும்.

24 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பல கன்ட்ரோலர்களுக்குப் பகிரும்போது கூடுதல் கவனம் தேவை. ஹாஃப் வேவ் சப்ளை (ஏசி அலையின் ஒரு பாதியை மட்டும் டிசியாக்குவது) உள்ள கன்ட்ரோலர் ஒன்றில் மட்டும் ஃபேஸும் காமனும் (திரும்பும் வயர்) மாறிவிட்டால், கம்யூனிகேஷன் காமன் வழியாக ஷார்ட் ஆகி போர்டில் உள்ள ஆர்எஸ்-485 சிப் கருகும். அப்போது போர்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் வயரைச் சரிசெய்த பிறகு மாற்றுங்கள், இல்லையென்றால் புதிதும் அதே வழியில் போகும்.