கொல்லொட்டுண்ணி

மரவள்ளி மாவுப்பூச்சியை ஒழிக்க வயலில் விடும் அனகைரஸ் லோபெசி என்ற குளவியை நம் வேளாண் பிரசுரங்கள் 'ஒட்டுண்ணி' என்கின்றன. பேனும் கொக்கிப்புழுவும் கூட ஒட்டுண்ணிதான். ஆனால் அவை தங்களுக்கு இடம் கொடுத்த உயிரைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அது செத்தால் அவற்றுக்கும் பிழைப்பில்லை.

இந்தக் குளவி அப்படியில்லை. ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையைச் செருகிவிடும். புழு உள்ளேயே தின்று வளரும். பூச்சி உப்பி, பழுப்பேறி, வெறும் கூடாகும். அதில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். சின்ன மாவுப்பூச்சி என்றால் பெரும்பாலும் ஆண் முட்டை, பெரியது என்றால் பெண் முட்டை. இரையின் அளவு பார்த்து இடுகிற இந்தத் தாயை எத்தனை வியந்தாலும் தகும்.

இப்படிக் கொன்றே தீரும் வகைக்கு 'பாராசிட்டாய்டு' என்ற சொல்லை 1913இல் உருவாக்கியவர் பின்லாந்துப் பூச்சியியலாளர் ஓடோ ராய்ட்டர். கிரேக்கத்தில் 'பாரா' என்றால் பக்கத்தில், 'சிட்டோஸ்' என்றால் தானியம், உணவு. அடுத்தவர் பந்தியில் உட்கார்ந்து உண்பவன் 'பாராசிட்டோஸ்'. கடைசியில் வரும் 'ஆய்டு' அதைப் போன்றது என்று காட்டும் விகுதி.

அதை அப்படியே தமிழில் 'ஒட்டுண்ணிப்போலி' என்றால் ஏதோ ஏமாற்றுவேலை போல் ஒலிக்கும். 'இரைவிழுங்கி' பொறிவண்டு போன்றவற்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. எனக்குச் சரியாகப் படுவது 'கொல்லொட்டுண்ணி'. கொல்களிறு போல வினைத்தொகை. ஒட்டி வாழ்வதையும் கொல்வதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இந்த வேறுபாடு உழவருக்குத் தெரியவேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தபோது, பராகுவேயில் கண்டெடுத்த இந்தக் குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2020இல் அதே பூச்சி கேரளத்தில் தென்பட்டது. அப்புறம் சேலம், நாமக்கல் பக்கமும் பரவியது. பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். குளவி விட்ட வயலில் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான். குருத்தில் உப்பிய பழுப்புக் கூடுகள் தெரிந்தால் அவற்றைக் கிள்ளி எறியவும் கூடாது. உள்ளே கொல்லொட்டுண்ணி வளர்கிறது.